பட்டாவில் இல்லாத பெயர்கள்

ராசிபுரம்,
மார்கழி

அன்புள்ள நண்பருக்கு,

'மோட்டாருக்கு மின்சாரம் இலவசம், உரம் சகாய விலைக்கு, கூட்டுறவுக் கடன் தள்ளுபடி, போதாததற்கு வருஷத்துக்கு ஆறாயிரம் ரூபாய் ரொக்கம். இத்தனையும் வாங்கிக்கொண்டு குடியானவர்கள் இன்னும் எதற்குக் குறைப்படுகிறார்கள்?' என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். பட்டணத்தில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிற எவருக்கும் எழக்கூடிய கேள்விதான். ஒரு வரியில் பதில் எழுதலாம்; ஆனால் அந்த ஒரு வரி எவரையும் திருப்திப்படுத்தாது என்பதால், இந்தப் பிரயாணத்தில் கண்டதையும் கேட்டதையும் கொஞ்சம் விஸ்தாரமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், தங்களுடைய சொந்த விஷயம் ஒன்றும் கடைசியில் வருகிறது.

சேலத்திலிருந்து ஆத்தூருக்குப் போகும் சாலையில் வடக்கே சேர்வராயனும் கல்வராயனும், தெற்கே போதமலையும் கொல்லிமலையும் கூடவே வருகின்றன. இடைப்பட்ட சமவெளியில், கிணறு உள்ள தோட்டங்கள் பாக்கும் தென்னையும் மஞ்சளுமாகக் கரும்பச்சை காட்ட, கிணறில்லாத மேட்டுக்காடுகள் மானத்தைப் பார்த்து விதைத்த சோளத்தோடும் மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கோடும் வெளிறிக் கிடக்கின்றன. அந்தக் கிழங்கை அரைக்கிற சேகோ ஆலைகளின் சிமெண்டுக் களங்களில் ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று காய்கிறது. காற்று திரும்பினால் ஆலைக் கழிவுநீரின் புளித்த வாடையும் வந்து சேர்கிறது. வாழப்பாடியைத் தாண்டிச் சற்று தூரம் போனதும் பெத்தநாயக்கன்பாளையம். 1972-ஆம் வருஷம் ஜூலை 5-ஆம் தேதி, மின்கட்டண உயர்வை எதிர்த்து நடந்த விவசாயிகள் கிளர்ச்சியில், போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் குடியானவர்கள் உயிர் துறந்த ஊர் அது. யூனிட்டுக்குக் காசுக் கணக்கில்தான் அந்த உயர்வு. கோயம்புத்தூர் ஜில்லா வையம்பாளையத்து நாராயணசாமி நாயுடு மாட்டு வண்டிகளைக் கொண்டு நகரத்தையே மறித்ததும் அதே வருஷத்தில்தான். பின்னர் 1984-இல் எம்.ஜி.ஆர். சர்க்கார் சிறு குறு விவசாயிகளுக்கும், 1990-இல் கருணாநிதி சர்க்கார் எல்லா விவசாயிகளுக்குமாக மின்சாரத்தை இலவசமாக்கினார்கள். ஆகவே தாங்கள் பட்டியலில் முதலாவதாக எழுதிய அந்த இலவசம் யாரும் தாமாக மனமிரங்கிக் கொடுத்ததல்ல. ரத்தம் சிந்தி வாங்கியது. அதைத் தர்மம் என்று பேசுகிறவர்கள் இந்தச் சாலையில் ஒரு முறை போய்வந்துவிட்டுப் பேசினால் நல்லது.

அப்படிச் சொன்ன கையோடு இதையும் சொல்லிவிட வேண்டும்: இலவச மின்சாரம் கிணற்றைத் தேடிப் போகிற உதவியே தவிர, குடியானவனைத் தேடிப் போகிற உதவி அல்ல. ஆயிரம் அடிக்கு மேல் துளை போட்டு, அதில் பெரிய மோட்டாரை இறக்கி, பாக்குத் தோப்புக்குப் பகலெல்லாம் நீர் பாய்ச்சுகிற தோட்டக்காரருக்கு அது பெரிய உதவி, இரண்டு ஏக்கர் கிணற்றுத் தோட்டக்காரருக்குச் சின்ன உதவி, மேட்டுக்காட்டுக்காரருக்குப் பூஜ்யம். உரத்தின் விஷயம் வேறு. ஐம்பது கிலோ டி.ஏ.பி. மூட்டை 1350 ரூபாய்க்கும், நாற்பத்தைந்து கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்குக் குறைவாகவும் கிடைக்கிறதென்றால், மீதியை மத்திய சர்க்கார் உரக் கம்பெனிகளுக்குக் கட்டுகிறது என்று அர்த்தம். கடையில் ஆதார் எண்ணைச் சொல்லிக் கைரேகை வைத்தால் மூட்டை தருகிறார்கள். நிலம் யாருடையது என்று கேட்பதில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரனல்லாமல் நிலத்தில் பாடுபடுகிறவனுக்கும் தடையின்றிக் கிடைக்கிற உதவி இந்தப் பிராந்தியத்தில் அநேகமாக அது ஒன்றுதான்.

இனி அந்த ஆறாயிரத்துக்கு வருகிறேன். பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி என்ற நீண்ட பெயரை இங்கே ஒருவரும் சொல்வதில்லை. 'ரெண்டாயிரம் ஏறிருச்சுங்களா?' என்பதே டீக்கடையிலும் மஞ்சள் மண்டியிலும் வழங்குகிற பாஷை. 2019 பிப்ரவரி 24-ஆம் தேதி கோரக்பூரில் ஆரம்பித்த திட்டம். முதலில் ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமாக இருந்து, அதே வருஷத்தில் நிலமுள்ள எல்லாருக்குமென்று விரிந்தது. நான்கு மாதத்துக்கு ஒரு முறை இரண்டாயிரமாக நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. 2025 நவம்பர் 19-ஆம் தேதி பிரதம மந்திரி கோயம்புத்தூருக்கு வந்திருந்தபோது விடுவித்தது இருபத்தோராவது தவணை. திட்டம் ஆரம்பித்த நாளில் என்ன தொகையோ அதே தொகைதான் இன்றும். அதற்குள் உழவு கூலியும் ஆள் கூலியும் எங்கேயோ போய்விட்டன. ஒரு தவணைக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி.யும் இரண்டு மூட்டை யூரியாவும் வாங்கினால் கையில் பஸ்காசு மிஞ்சும். அதற்காக அதை அற்பமென்று தள்ளிவிடாதீர்கள். விதைப்புச் சமயத்தில் கந்துவட்டிக்காரனிடம் போகாமல் கிடைக்கிற இரண்டாயிரத்துக்கு, அதன் மதிப்பைக் காட்டிலும் பெரிய மரியாதை உண்டு.

நாமகிரிப்பேட்டைக் கடைவீதியில் கணினி வைத்திருக்கும் ஒரு சிறிய கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டி வந்தார். தவணை நின்றுபோய்விட்டதாம். கடைக்காரப் பையன் ரேகைக் கருவியை நீட்டினான். வலது கைக் கட்டைவிரலில் ஆரம்பித்து, ஒவ்வொரு விரலாக வைத்து, புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து மறுபடி வைத்தும் ரேகை விழவில்லை. ஆயுள் முழுவதும் களைக்கொத்துப் பிடித்துத் தேய்ந்த விரல்களில் விழுவதற்கு ரேகை ஏது? பையன் சலித்துக்கொள்ளவில்லை. 'மூஞ்சிய வெச்சுப் பாத்துரலாம் ஆயா, இப்பிடி வெளிச்சத்துக்கு வாங்க' என்று வாசலுக்கு அழைத்துப் போய், கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்து, 'கண்ணச் சிமிட்டுங்க' என்றான். அவர் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு திறக்கவே மறுத்துவிட்டார். கடையிலிருந்தவர்கள் எல்லாரும் சிரிக்க, அவரும் சிரித்துவிட, அந்தச் சிரிப்பிலேயே காரியம் முடிந்தது. ஆனால் அப்புறம் தெரிந்தது, தடை விரலில் மட்டும் இல்லையென்று. இப்போது ஒவ்வொரு விவசாயிக்கும் தனித்துவ அடையாள எண் ஒன்று கொடுக்கிறார்கள் அல்லவா, அதற்கு நில விவரத்தை இணைக்க வேண்டும். நிலமோ காலமான கணவரும் அவருடைய சகோதரர்களுமாகச் சேர்ந்த கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. 'வி.ஏ.ஓ.வப் பாருங்க ஆயா' என்றான் பையன். 'அவரப் பாத்துட்டுத்தான் சாமி ஒன்னையப் பாக்க வந்தேன்' என்றார் அவர்.

அந்தப் பட்டா என்கிற காகிதத்தின் பூர்வோத்தரம் இந்த மண்ணோடு சம்பந்தப்பட்டது என்பது தங்களுக்கு நினைவிருக்கலாம். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பினியார் வசம் வந்தபோது, காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் இங்கே நிர்வாகியாக நியமிக்கப்பட்டார். அவருக்கு உதவியாளர்களாக வந்தவர்களில் ஒருவர்தான், பின்னாளில் சென்னை மாகாணத்துக்கே கவர்னராகி, இன்று தாங்கள் தினமும் கடந்து போகிற தீவுத்திடலருகே அங்கவடியில்லாத குதிரைமேல் சிலையாக வீற்றிருக்கும் தாமஸ் மன்றோ. தர்மபுரியில் தங்கி, ஊர் ஊராகச் சென்று, நிலத்தை அளந்து, இடையில் ஜமீன்தாரனோ மிராசுதாரனோ இல்லாமல் உழுகிற ரயத்தோடு நேரே கணக்குத் தீர்க்கிற முறையை அவர்கள் உருவாக்கிய இடம் இதுவே. பிற்பாடு கும்பினியாரே மனம் மாறி, சேலம் ஜில்லாவின் பல பகுதிகளை மிட்டாக்கள் என்னும் சிறு ஜமீன்களாக ஏலம் போட்டது வேறு கதை. நான் சொல்ல வந்தது என்னவென்றால், பட்டாவில் ஒருவனுடைய பெயர் ஏறுவதென்றால், அந்த நிலத்துக்குத் தீர்வை கட்ட வேண்டியவன் இவன் என்று சர்க்கார் அடையாளம் வைத்துக்கொள்வதே அதன் ஆதி நோக்கம். வாங்குவதற்காக எழுதப்பட்ட ஏட்டைப் புரட்டித்தான் இருநூறு வருஷம் கழித்து இன்றைய சர்க்கார் கொடுக்கிறது. தீர்வை வசூலிக்க அந்த ஏடு போதுமானதாக இருந்தது. யார் பெயரில் இருந்தால் என்ன, பணம் வந்து சேர்ந்தால் சரி. கொடுக்கும்போதோ யார் பெயர் என்பதே முழு விஷயமாகிவிடுகிறது.

அந்த ஏட்டின் நிலைமையைக் கேளுங்கள். எழுபதுகளின் இறுதியில் ஆரம்பித்து எண்பதுகளில் முடிந்த யு.டி.ஆர். என்னும் நில உடைமை மறுபதிவில் விழுந்த பிழைகளை இன்னமும் தாலுக்கா ஆபீசுகளில் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். பாகப்பிரிவினை வாய்மொழியாக ஆகியிருக்கும். வரப்பு போட்டு மூன்று தலைமுறையாக அவரவர் பங்கை அவரவர் பண்ணையம் செய்துகொண்டிருப்பார்கள். பட்டாவோ பாட்டனார் பெயரில் நிற்கும். புருஷன் லாரி ஓட்டப் போய்விட, நாற்று முதல் அறுப்பு வரை பார்க்கிற மனைவியின் பெயர் அநேகமாக எந்தப் பட்டாவிலும் இராது. ஆறாயிரத்துக்கு நிலம் 2019 பிப்ரவரி முதல் தேதியன்று பெயரில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. அதன் பிறகு வாரிசாக வந்திருந்தால் ஏற்பார்கள், கிரயம் வாங்கியிருந்தால் இல்லை. இவையெல்லாம் அலைச்சலில் தீரக்கூடியவை. அலைச்சலாலும் தீராதவர்கள் வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுகிறவர்கள். திருச்செங்கோட்டுப் பக்கத்திலும் ராசிபுரத்துப் பக்கத்திலும் நிலக்காரர்கள் ரிக் வண்டித் தொழிலுக்கும் லாரித் தொழிலுக்கும் கோழிப் பண்ணைக்கும் விசைத்தறிக்கும் மாறிப் போய்விட, காட்டைப் பிறத்தியாரிடம் ஒப்படைத்திருப்பது சர்வ சாதாரணம். குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-இலேயே வந்தது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-இல் தனிச் சட்டமும் வந்தது. சட்டம் வந்ததால்தான் குத்தகைச் சீட்டு போயிற்று. எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்ற பயத்தில் நிலக்காரர்கள் எழுத்தையே ஒழித்துவிட்டார்கள், எல்லாம் வாய்வார்த்தை. 'பேரு அவருது, பாடு நம்மது' என்று ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கூட்டுறவுச் சங்கக் கடனுக்கும் இதே கதி. சேலம் ஜில்லாக்காரரான எடப்பாடி பழனிசாமி முதலமைச்சராக இருந்து 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தார். பதினாறு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அது நிவாரணமாயிற்று. ஆனால் சங்கத்தில் கடன் கிடைக்கச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். அவை இல்லாமையால் நகையை வைத்தும் வட்டிக்கு வாங்கியும் வெள்ளாமை வைத்தவருக்குத் தள்ளுபடி செய்ய எவர் இருக்கிறார்? இதே சேலத்தில் வக்கீலாக இருந்து நகரசபைத் தலைமையும் வகித்த ராஜாஜி, மாகாணப் பிரதமரானவுடன் 1938-இல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் தனியாரிடம் பட்ட கடனையே கணக்கில் எடுத்தது என்பதை இங்கே நினைத்துக்கொண்டேன்.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்த விபரீதம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 1933-இல் ரூஸ்வெல்ட் விவசாயச் சீரமைப்புச் சட்டம் கொண்டுவந்து, பருத்திச் சாகுபடியைக் குறைத்தால் ரொக்கம் என்று அறிவித்தபோது, தென் மாகாணங்களில் காசோலைகள் நிலக்காரர்கள் கைக்குப் போயின. நிலத்தைக் குறைத்ததும் ஆள் வேண்டியதில்லையென்று வாரக்காரக் குடும்பங்களை அவர்கள் வெளியேற்றினார்கள். அடுத்த வருஷமே ஆர்க்கன்ஸாஸில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து வாரக்காரர் சங்கம் கண்டது அதனால்தான். நம் நாட்டில் ஒடிஸ்ஸா சர்க்கார் காலியா என்ற திட்டத்தில் வாரக்காரரையும் நிலமற்ற கூலிக்காரரையும் சேர்த்துப் பார்த்தது. ஆகவே வழியே இல்லையென்று சொல்ல முடியாது.

பட்டா பாராமலே கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே திருஷ்டாந்தம் இருக்கிறது. 2020-இல், கொள்ளைநோய்க் காலத்தில், இணையத்தில் தாமே பதிவு செய்துகொள்ளலாமென்று கதவைத் திறந்துவிட்டபோது, வேளாண்மைத் துறையின் கடவுச்சொற்கள் தரகர் கைக்குப் போய், விவசாயத்தோடு சம்பந்தமே இல்லாத ஏறக்குறைய ஐந்தரை லட்சம் பேர் தமிழ்நாட்டில் பட்டியலில் ஏறிவிட்டார்கள்; சுமார் 110 கோடி ரூபாய் தவறான இடத்துக்குப் போயிற்று. கள்ளக்குறிச்சி, விழுப்புரத்தோடு சேலமும் அந்த ஜில்லாக்களில் ஒன்று. சி.பி.சி.ஐ.டி. வந்தது, ஒப்பந்த ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள், வங்கிக் கணக்குகளிலிருந்து பணத்தைத் திரும்ப எடுத்தார்கள். 'கொரோனா பணம்' என்று சொல்லி ஆதார் நகல் வாங்கிப்போன தரகரை நம்பின ஏழைகள் பலர். தங்கள் பெயர் விவசாயியாக ஏறியதே பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் அவர்களுக்குத் தெரிந்ததாம். அந்தச் சூட்டைக் கண்ட அதிகாரிகள் இன்று காகிதத்தை இறுகப் பிடித்துக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன்.

பட்டா கேளாமலே இங்கு வந்து உதவி செய்த ஒரு ஜீவனைப் பற்றியும் எழுத வேண்டும். குச்சிக்கிழங்குக்கு நாலைந்து வருஷத்துக்கு முன் மாவுப்பூச்சி கண்டு, நுனிக்கொழுந்தெல்லாம் சுருண்டு, காடு காடாகப் பாழாயிற்று. தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே எண்பதுகளில் பஞ்ச பயத்தையே உண்டாக்கிய அதே பூச்சி. அன்று அதை ஒரு சிறு குளவியை விட்டு அடக்கிய ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானிக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். கடுகைவிடச் சிறிய அந்தக் குளவியை ஆப்பிரிக்காவிலுள்ள பெனின் நாட்டிலிருந்து தருவித்து, பெங்களூரில் வளர்த்து, 2022 மார்ச்சில் பெத்தநாயக்கன்பாளையத்தை அடுத்த ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் பறக்கவிட்டார்கள். அது சொந்தக் காடு, வாரக் காடு என்று பார்க்கவில்லை. சர்க்கார் பணம் இதைக்காட்டிலும் சிக்கனமாகவும் சமமாகவும் எங்கே செலவானது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் குளவிக்கு விழா எடுத்துத் தவணை விடுவிக்க முடியாது.

கிழங்கு பிழைத்தாலும் விலை பிழைக்க வேண்டுமே! ஆலையில் மாதிரி எடுத்து, மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் அளந்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை போடுகிறார்கள். அளப்பவரும் வாங்குபவரும் ஒருவரே. நெல்லுக்கு உள்ளது போல் குறைந்தபட்ச ஆதார விலை இதற்குக் கிடையாது. 1981 முதல் சேலத்தில் நடக்கிற சேகோசர்வ் சங்கம் ஆலைக்காரர்களின் ஜவ்வரிசியை ஏலம் விடுவதற்கே ஏற்பட்டது. கிழங்குக்காரருக்கு, ஆலைக்காரர்களோடும் அதிகாரிகளோடும் உட்கார்ந்து பேசுகிற முத்தரப்புக் கூட்டம்தான் கதி. காவேரிக் கரைக்குப் போனால் கரும்புக்குக் கொஞ்சம் மேல். மோகனூர்க் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு 2024-25 பருவத்தில் வெட்டி அனுப்பியவர்களுக்கு மத்திய சர்க்கார் விலையான 3151 ரூபாய்க்கு மேல் மாநில சர்க்கார் டன்னுக்கு 349 ரூபாய் சேர்த்துக் கொடுத்து 3500 ஆக்கியது. நூறு டன் வெட்டினவருக்கு அதுவே முப்பத்து நாலாயிரத்துக்கு மேல். ஆறாயிரத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'வெலைய ஒழுங்காக் குடுத்தா ரெண்டாயிரம் எதுக்குங்க?' என்று பரமத்திவேலூரில் ஒருவர் கேட்டார். அவர் ஆலையின் கட்டிங் ஆர்டருக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் வெல்லம் காய்ச்சிப் பிலிக்கல்பாளையம் சந்தைக்கு அனுப்புகிறவர்; 349 அவருக்கு இல்லை. அவர் கேட்டதே தங்கள் கேள்விக்கான அந்த ஒரு வரிப் பதில்.

இனித் தங்கள் விஷயம். கேட்டுக்கொண்டபடி நாமகிரிப்பேட்டைக்கு அப்பாலுள்ள மூன்று ஏக்கரையும் போய்ப் பார்த்தேன். பட்டா இன்னமும் தங்கள் தகப்பனார் பெயரிலேயே இருக்கிறது. தாங்கள் மாதம் பத்தாயிரத்துக்கு மேல் பென்ஷன் வாங்குகிறவர். ஆகவே ஆறாயிரத்துக்குத் தகுதியில்லை. பண்ணையம் செய்கிறவருக்குப் பட்டா இல்லை, அவருக்கும் தகுதியில்லை. விதி இரண்டும் சரியாகவே நடந்திருக்கிறது. ஆறு வருஷமாகப் பயிர் ஏறிய அந்த நிலத்துக்கு ஒரு தவணையும் ஏறவில்லை. அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கிணற்றடிக்கு அழைத்துப் போய், அடியில் கிடந்த தண்ணீரைக் காட்டி, சொட்டுநீர்க் குழாய் போட்டால் மூன்று ஏக்கரும் இந்தத் தண்ணீரிலேயே விளையும் என்றார். சிறு குறு விவசாயிக்கு நூற்றுக்கு நூறு மானியம் உண்டு. ஆனால் அதற்கு ஒன்று பட்டா வேண்டும், அல்லது பதிவு செய்த நீண்டகாலக் குத்தகைப் பத்திரம் வேண்டும். 'ஐயாகிட்டச் சொல்லி ஒரு எழுத்து வாங்கிக் குடுங்க. நெலம் அவருதுதானுங்க, அதுல நமக்கு ஆசையில்லீங்க' என்றார்.

தங்கள் வக்கீல் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் முதலில் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுத்து, திருச்சியிலிருக்கும் தங்கள் தங்கையிடம் கையெழுத்து வாங்கி, பட்டாவை மாற்றுங்கள். அப்புறம் பத்திரத்தை எழுதுங்கள். தையில் கிழங்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி குச்சி நடப்போகிறார். விண்ணப்பமாவது அதற்குள் போய்விட வேண்டும் என்கிறார். நான் பொங்கல் வரை சேலத்தில்தான் இருப்பேன். பழைய விலாசத்துக்கே பதில் எழுதுங்கள். இந்த விஷயத்துக்கும் சேர்த்து எழுதுங்கள்.

தங்கள் அன்பன்